எச்சில் பாத்திரம்

கிணற்றடியில் இருமினேன். கல்லில் சிவப்பாக விழுந்தது. வெற்றிலைச் சாறு என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கபத்தை (நெஞ்சுச் சளியை) சோதித்துவிட்டு, சயரோகம் (நுரையீரலை அரிக்கும் நோய்) என்றார். "பாத்திரத்தத் தனியா வச்சுக்கம்மா. ஒன் எச்சில் யார் மேலயும் படக்கூடாது."

சமயநல்லூரில் எங்கள் வீட்டில் எல்லாருமே தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்போம். ஒருவர் எச்சில் இன்னொருவர் வாயில் படுகிற இடம் ஒன்றே ஒன்று, எங்கள் வேதக்கோயிலில் அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற இராப்போஜனம். எந்தத் தெருக்காரரானாலும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்போம். பெரிய பாவம் செய்தவரைத்தான் சபை அந்தப் பாத்திரத்திலிருந்து விலக்கி வைக்கும். இப்போது நானும் விலகி நிற்க வேண்டும்.

என் கணவரின் அக்கா ஞானம் மதினி நேராகவே கேட்டுவிட்டார். "ஆண்டவர் இம்புட்டு அடிக்கிறாருன்னா, நீ என்னதான் பாவம் பண்ணுன எஸ்தரு?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தபடி நானும் தேடிப் பார்த்தேன். கோள் சொன்னது, பிரசங்கத்தில் தூங்கியது, மதினியை மனதுக்குள் வைதது. எல்லாம் சில்லறைப் பாவங்கள். பெரிதாக ஒன்று அகப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், மன்னிப்புக் கேட்கவாவது ஏதோ இருந்திருக்கும். இதே நோயோடு இதைப் படிக்கிற நீங்களும் தேடிக்கொண்டிருப்பீர்கள். நுரையீரலோடு சேர்த்து அந்தத் தேடலுக்கும் ஓய்வு கொடுங்கள்.

இந்த 1938-லும் இந்த நோய்க்கு மருந்து வரவில்லை. பால், முட்டை, மீனெண்ணெய், படுக்கை. நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசி வழியாகக் காற்றை ஏற்றி, கெட்ட நுரையீரலைச் சுருங்க வைத்தார்கள். ஒரு நாள் ஊசி போட வந்த டாக்டரம்மாவிடம், "இது என் பாவத்துக்கா?" என்று கேட்டேன்.

"கிருமிக்கு அதெல்லாம் தெரியாதும்மா. அசையாம படு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி கேட்டால் அழுதுவிடுவேன். திராட்சரசத்தின் ருசிக்காக அல்ல. எனக்கு முன்னால் குடித்தவரின் உதட்டுச் சூடு அந்த விளிம்பில் இருக்குமே, அதற்காக ஏங்கினேன்.

ஒருவழியாகக் கபத்தில் கிருமி இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி எல்லாரோடும் புழங்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்த வாரம் போதகர் வந்தார். "சபையில பயப்படுறாங்கம்மா. நீங்க மட்டும் கடைசியா வாங்கிக்கங்க." நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பெண்கள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன். பாத்திரம் எனக்கு முந்தி உட்கார்ந்திருந்த ஞானம் மதினியிடம் வந்தது. அவர் வாங்கவில்லை.

"எஸ்தரு குடிக்கட்டும். நான் பெறகு குடிக்கிறேன்."

போதகர் தயங்கி, பாத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தார். குடித்தேன். மதினியிடம் திரும்பிப் போனவர் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார். மதினி அவர் கையைத் தடுத்தார். நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தார். என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேகமாக நடந்தால் இடதுபக்கம் இன்னும் இழுக்கிறது. அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். மூச்சு முழுதாக உள்ளே போனால் அன்றைய பொழுதுக்கு அது போதும். வீட்டில் இன்றும் எல்லாரும் அண்ணாந்துதான் குடிக்கிறோம். மதினி மட்டும் அவ்வப்போது என் செம்பை எடுத்து, வாய் வைத்துக் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வைத்துவிட்டுப் போகிறார்.