சாப்பிட்ட வயிற்றில் எடுத்த ரத்தம்

பதினோரு வருடம் நாற்பத்தேழாம் எண் பேருந்தை ஓட்டிய பெண்மணி, பணிமனையின் பின்னறையில் உட்கார்ந்து, பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் இருந்தார். குடைகளுக்கு ஓடிப்போகும் பழக்கம் கிடையாது. ஆகவே வேலை சுலபம். அவ்வளவு சுலபமான வேலை ஆளைக் கொன்றுவிடும் என்பது வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் செய்த குற்றம், ஆறு மாதத்தில் மூன்று தடவை மயங்கி விழுந்தது. மூன்றும் ஓய்வறையில், ஒன்றுகூட வண்டியில் இல்லை. முகம் சிவக்கும், உள்ளங்கை அரிக்கும், அப்புறம் ஆள் தரையில். தலையைப் படம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எல்லாம் அம்சமாக இருந்தன. மருத்துவக் குழு "காரணம் தெரியாத மயக்கம்" என்று எழுதி, தெரியும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றது. வருடக் கடைசிக்குள் தெரியாவிட்டால் உரிமமே ரத்து.

காரணம் தெரிந்தவர்களுக்கு என்னவோ பஞ்சமில்லை. மேலாளரைக் கேட்டால் மனக்கவலை. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் ரத்தசோகை. நாத்தனாரைக் கேட்டால் நடிப்பு.

கணவரின் தங்கையான இந்த நாத்தனார், பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவர். இருபது வருடமாக ஊரையே காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிறுத்தி வைத்தவர். ஒரே ஒரு பிஸ்கட் தின்றவரைக்கூட முகத்தைப் பார்த்தே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"அண்ணி, மூணு தடவையும் நான்தான் ரத்தம் எடுத்தேன். ஒரு குறையும் இல்ல. என்னைவிட நல்லா இருக்கீங்க."

"அப்ப விழுந்தது யாரு, உங்க அண்ணனா?"

"அவன் விழுந்து பல வருஷம் ஆச்சு. உங்களைப் பார்த்த அன்னிக்கே."

கடைசியில் ஓர் ஒவ்வாமை மருத்துவர் வேறு கேள்வி கேட்டார். "மயங்கி எவ்வளவு நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க?"

"மறுநாள் காலையில டாக்டர். வெறும் வயித்துல."

"அங்கதாம்மா கோட்டை விட்டிருக்கோம்."

விஷயம் இதுதான். உடம்பில் மாஸ்ட் செல் என்று ஓர் இனம் உண்டு. தோல், குடல், மூச்சுக்குழாய் என்று வெளியுலகம் உள்ளே நுழையும் வாசலில் எல்லாம் ஆளுக்கொரு மூட்டையோடு உட்கார்ந்திருக்கும். மூட்டைக்குள் அரிப்பைக் கிளப்பும் சரக்கும் சில நொதிகளும். நல்ல நாளில் அந்த நொதிகள் காயம் ஆறக் கைகொடுக்கும், கிருமியை எதிர்க்கும், சில விஷங்களைக்கூட வெட்டிப்போடும். கெட்ட நாளிலோ, வராத திருடனைப் பார்த்துவிட்டதாகக் கூச்சல் போட்டு, எல்லா மூட்டையையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடும். ரத்தக் குழாய்கள் தளரும், அழுத்தம் சரியும், ஓட்டுநர் விழுவார். அப்போது வெளியே கொட்டிய டிரிப்டேஸ் என்ற நொதி மட்டும் சில மணி நேரம் ரத்தத்தில் சாட்சியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை வரிசையில் நிற்கும்போது சாட்சி ஊரைவிட்டே போயிருக்கும்.

"அடுத்த தடவை முதல்ல இந்த அட்ரினலின் ஊசியைத் தொடையில குத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. நாலு மணி நேரத்துக்குள்ள ரத்தம் எடுத்தாகணும்" என்றார் மருத்துவர்.

அன்றிலிருந்து அந்த வீடு மயக்கத்துக்காகக் காத்திருந்தது. இரண்டு மாதம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கணவர் தினமும் வேலை முடிந்து வந்ததும் கேட்பார்:

"இன்னிக்கு ஏதாவது...?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"ச்சே!"

இதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் அந்த மனிதரைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது.

வருடம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வீட்டில் பீரோவை இடம் மாற்றக் கணவனும் மனைவியும் போனார்கள். ஓட்டுநருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையைக் கொடுத்து, இலவச இணைப்பாக ஒரு குத்தல் பேச்சும் கொடுத்து, சாப்பாடும் போட்டார். கை கழுவப் போன ஓட்டுநர் குழாயடியிலேயே சரிந்தார்.

நாத்தனார் இதை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் செக்கச்செவேல். உதடு வீக்கம். இருபது வருடமாக நரம்பு தேடிய விரல்களுக்கு நாடி அகப்படவில்லை. முகத்தால் நடிக்கலாம், வாயால் நடிக்கலாம். நாடியால் யாரும் நடிக்க முடியாது. "அண்ணி!" என்று அலறியவர் அண்ணியின் பையிலிருந்த ஊசியை எடுத்துத் தொடையில் இறக்கினார். கணவர் கால்களைத் தூக்கிப் பிடித்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மணி ஒன்று பத்து.

ஆஸ்பத்திரியில் ஆள் பிழைத்து எழுந்ததும், பணியிலிருந்த மருத்துவர் சொன்னார்: "இப்ப எல்லாம் நார்மல். ரத்தப் பரிசோதனை நாளைக்குக் காலையில, வெறும் வயித்துல வந்து..."

"டாக்டர், அந்த வசனம் என்னோடது. இன்னிக்குச் செல்லாது. இப்பவே எடுங்க" என்றார் நாத்தனார்.

"சாப்பிட்டிருக்காங்களே?"

"வயிறு முட்ட! நான்தான் போட்டேன். நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

இரண்டு இருபத்தைந்துக்கு எடுத்தார்கள். குப்பியில் நேரத்தை எழுதி, அதை நாத்தனாரே தன் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒப்பிட்டுப் பார்க்க மூன்று நாள் கழித்து இன்னொரு குப்பி. டிரிப்டேஸ் அளவு அமைதியான நாளில் ஆறு. விழுந்த அன்று முப்பத்தொன்று. சாட்சி கையும் களவுமாகச் சிக்கிவிட்டது.

"விழறதுக்கு முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று ஒவ்வாமை மருத்துவர் மறுபடி கேட்டார்.

"மருந்தா? ஒண்ணும் இல்லையே."

"அண்ணி... நான் குடுத்த மாத்திரை?" நாத்தனாரின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அது வலி மாத்திரைதானே. அதெல்லாம் மருந்துல சேர்த்தியா?"

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். பணிமனை ஓய்வறையில் விழுந்த மூன்று நாளும், ஓட்டி முடித்த முதுகுக்கு யாரோ ஒரு நல்லவர் அதே வகை மாத்திரையைக் கொடுத்திருந்தார். அந்த வகைக்கே இனி தடை. ஊசி எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

மருத்துவக் குழுவின் முன்னால் காகிதங்கள் போயின. தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப மனக்கவலை எதுவும் இல்ல?" என்றார்.

"இருக்கு சார். ஏழு மாசமா வண்டியைத் தொடல. அதுக்கு மருந்து உங்க பேனாவுலதான் இருக்கு."

கையெழுத்து விழுந்தது.

திங்கட்கிழமை முதல் வண்டி. பணிமனை வாசலில் ஒரு குறுகிய வளைவு. மற்றவர்கள் முன்னே பின்னே என்று மூன்று வீச்சில் திருப்புவார்கள். அவர் ஒரே வீச்சில் திருப்பினார். பின் சக்கரத்துக்கும் சுவருக்கும் சரியாக ஒரு சாண். மேலாளர் கைதட்டினார் என்கிறார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேருந்தும் ஹாரன் அடித்ததில் அவருக்கு அது கேட்கவில்லை.