இரண்டாவது பட்டியலில் அன்ரன்

உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாத ஒரு மனிதனை நான் சாகடித்தேன். கத்தி எடுக்கவில்லை, நஞ்சு வைக்கவில்லை. தட்டச்சு செய்தேன். அவன் மனைவியின் மேல் எனக்குக் காதல்... அதனால்தான் செய்தேன்!

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். எனக்கும் சில நேரம் வருகிறது. பாதியில் நின்றுவிடுகிறது.

நான் பேசாலை என்ற கடற்கரை ஊரில் தனியே இருப்பவன். முன்னறையில் ஒரு கணினி, ஓர் அச்சுப்பொறி, வருகிறவர்கள் உட்கார ஒரு கதிரை. கடிதம், விண்ணப்பம், நினைவு அட்டை என்று அடித்துக்கொடுத்துப் பிழைக்கிறேன். மனிதர் எதிரே வந்து நின்றால் எனக்கு நா எழாது. யன்னலுக்கு வெளியே போகும் கழுதைகளோடு மட்டும் தாராளமாகப் பேசுவேன். மற்ற நேரமெல்லாம் என் தலைக்குள் ஒரு படம் ஓடும். கதை நான், இயக்கம் நான், கதாநாயகன் நான். பார்க்க வந்திருப்பவனும் நான் ஒருவனே!

கதாநாயகி ஜெசிந்தா.

அவளை எப்படி அறிந்தேன் என்று சொல்லவேண்டும். எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் ஒரு பெட்டி உண்டு. யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கவேண்டும் என்பதைச் சனம் ஒரு காகிதத் துண்டில் எழுதி அதற்குள் போடும். கோயில் வேலைகளைப் பார்க்கும் பேதுருப்பிள்ளை அண்ணை சனிக்கிழமை பின்னேரம் அவற்றை அள்ளிவந்து என் மேசையில் கொட்டுவார். நான் அவற்றை இரண்டு பட்டியலாக அடிப்பேன். முதலாவது, உயிரோடிருப்பவர்களின் தேவைகள்: சுகம், பரீட்சை, விசா. இரண்டாவது, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி. ஞாயிறு காலை பூசை தொடங்கமுன் பங்குச் சுவாமி அதை உரத்து வாசிப்பார்.

ஜெசிந்தாவின் துண்டு ஒரு கிழமையும் தவறியதில்லை. ‘கடலுக்குப் போன என் கணவர் அன்ரன் உயிரோடு திரும்பி வர.’ கல்யாணம் முடித்து நான்காம் மாதம் தனியே கடலுக்குப் போனவன் அன்ரன். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. எஞ்சின் பழுதாகி அக்கரை நாட்டில் ஒதுங்கி, எங்கோ சிறையில், மறியலில் கிடக்கிறான் என்றது ஊர். அப்படிக் கிடந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள்தானே!

இரண்டு வருடம் அந்த ஒரே வரியை அடித்தேன். முதலில் அவளுடைய கையெழுத்தைத்தான் காதலித்தேன். காற்றுக்கு முகம் கொடுத்து நடப்பவளைப் போலச் சாய்ந்து சாய்ந்து வரும் எழுத்து. பிறகுதான் கோயிலில் அவள் முகத்தைத் தேடினேன்.

என் படத்தில் அவள் சோளகக் காற்றில் கரையோரமாக வருவாள். நான் குடை பிடிப்பேன். குடை மறுபக்கம் மடங்கிப் பறக்கும். அவள் சிரிப்பாள். கழுதைகள் வரிசையாக நின்று தலையாட்டும். எஞ்சின் இல்லாத வள்ளம் ஒன்றில் ஏறி இருவரும் எங்கும் போகாமல் மிதந்துகொண்டிருப்போம்... அந்த நேரம் பார்த்து, நீலச் சட்டை போட்ட ஒருவன் நீர் சொட்டச் சொட்டக் கடலிலிருந்து ஏறி எங்களுக்கு நடுவில் வந்து உட்காருவான். என் சொந்தப் படத்திலிருந்துகூட அவனை என்னால் வெளியேற்ற முடியவில்லை!

அந்தச் சனிக்கிழமை, சுவாமி மாற்றலாகி வந்து சில நாள்தான், அன்ரனின் கதை அவருக்குத் தெரியாது. ஜெசிந்தாவின் துண்டை எடுத்தேன். அடிக்கவில்லை. கீழே போனேன், இரண்டாவது பட்டியலுக்கு. ‘கடலில் மரித்த அன்ரனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.’

கைதவறியதா? இல்லை! ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தே அடித்தது. தாளில் பார்த்தால் எப்படி இருக்கும் என்றுதான் அச்சிட்டேன். பார்த்துவிட்டுக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன்... அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

வாசல் படலையில் பேதுருப்பிள்ளை அண்ணையின் குரல் கேட்டது. “தம்பி, முடிஞ்சுதோ? சுவாமி பட்டியலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்.”

“ஓம்... இந்தாங்கோ.”

நீட்டியது என் கைதான்.

ஞாயிறு காலை, சுவாமி அந்த வரியை வாசித்ததும் அன்ரனின் தாய் “என்ர ராசா!” என்று தரையில் விழுந்தாள். சுவாமிக்குச் செய்தி வந்திருக்கிறது என்று குடும்பம் நினைத்தது. குடும்பம் சொல்லித்தான் பட்டியலில் வந்தது என்று சுவாமி நினைத்தார். அழுகிற தாயிடம் எந்த வாய் போய் விபரம் கேட்கும்? மதியத்துக்குள் உடல் ஒதுங்கிய கரை எது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது. பின்னேரம் சட்டையின் நிறமும் தெரிந்துவிட்டது.

நீலம் என்றார்கள்! ஒரு நிமிடம் நானே நம்பினேன்.

மூன்றாம் நாள் பேதுருப்பிள்ளை அண்ணை வந்தார். “தம்பி, சுவாமி கேக்கச் சொன்னவர். துண்டிலை அப்பிடித்தானே கிடந்தது?”

ஒரு சொல் போதும். எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். அன்று பார்த்து எனக்கு நா எழுந்தது!

“ஓம் அண்ணை, அப்பிடித்தான் கிடந்தது. ஆர் போட்டதெண்டு தெரியாது.”

என் வாழ்நாளில் மனிதரோடு தடங்கலில்லாமல் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

ஜெசிந்தா ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை அடிக்க வேண்டும் என்றாள். கறுப்புச் சட்டை. என் கதிரையில் உட்கார்ந்தாள். எத்தனை முறை நான் இயக்கிய காட்சி அது! அவள் நீட்டிய புகைப்படத்தில் அன்ரன் சிரித்துக்கொண்டிருந்தான். என் படத்தில் வருபவனைவிட அழகன்.

“அண்ணை,” என்றாள். ஆம்... அண்ணை. “அந்தக் கிழமை நானும் வழமைபோலத் துண்டு போட்டனான். சுவாமி அதை வாசிக்கேல்லை. ஏனெண்டு பிறகுதான் விளங்கிச்சுது. ஆரோ உண்மை தெரிஞ்ச ஆள், நேரை வந்து சொல்ல மனம் வராமல் பெட்டிக்குள்ளை போட்டிருக்கு. அதைப் பாத்திட்டு என்ர துண்டை விட்டிட்டினம்.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த ஆள் நல்லா இருக்கோணும் அண்ணை. ரெண்டு வரியமா நான் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. இப்ப கொள்ளுறன்.”

சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொன்னால் அந்த நித்திரை போய்விடும் என்று பதில் வைத்திருக்கிறேன். நல்ல பதில்தான். ஆனால் பயத்தில்தான் வாயை மூடினேன். அவள் என்னை வெறுப்பாள் என்ற பயம்.

அன்றிலிருந்து என் தலைக்குள் படம் ஓடுவதில்லை. வெறுந்திரையில் வெளிச்சம் மட்டும் இருக்கிறது.

ஜெசிந்தா இப்போதும் கிழமைதோறும் துண்டு போடுகிறாள். அதே சாய்ந்த எழுத்து. ‘எனக்கு உண்மையை அறியத் தந்த முகமறியாத மனிதர் சுகமாக இருக்க.’ அதை முதலாவது பட்டியலில் நானே அடிக்கிறேன். ஞாயிறு காலை ஊரே எனக்காக மன்றாடுகிறது. பின்வரிசையில் நானும் முழந்தாளில் நிற்கிறேன்.

அவள் காத்திருப்பதை விட்டுவிட்டாள். அன்ரனின் தாயும் விட்டுவிட்டாள். இந்தக் கரையில் அவனுக்காகக் காத்திருக்க இனி நான் ஒருவன்தான். கோயிலைத் தவிர வேறெங்கும் போகாத நான் காலையில் வள்ளங்கள் கரைசேரும் நேரம் போய் நிற்கிறேன். தூரத்தில் ஒரு நீலச் சட்டை தெரிந்தால், முகம் தெரியும்வரை அங்கேயே நிற்கிறேன். வரவேண்டும் என்று பார்க்கிறேனா, வரக்கூடாது என்று பார்க்கிறேனா... அதை மட்டும் கேட்காதீர்கள்!

நானும் பெட்டிக்குள் ஒரு துண்டு போடுகிறேன். ‘அன்ரன் உயிரோடு திரும்பி வர.’ சனிக்கிழமை பின்னேரம் பேதுருப்பிள்ளை அண்ணை மற்றவற்றோடு அதையும் என் மேசையில் கொட்டிவிட்டுப் போகிறார். எடுத்து அலுமாரிக்குள், அன்று நான் அடிக்காமல் விட்ட அவளுடைய துண்டின் மேல் வைக்கிறேன். இந்தக் கிழமையும் வைத்தேன். பட்டியலில் அதை இன்னும் ஒருமுறைகூட அடிக்கவில்லை.