ஐந்து மாதத்தில் தேய்ந்த பிரேக் கட்டை

எங்கள் வண்டிக்குப் பிரேக் கட்டை மூன்று வருஷம் வரும். இதை என் அகத்துக்காரர் ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். திருச்சினாப்பள்ளி கோர்ட்டில் அவர் வக்கீல். ஜெயித்த வழக்குகளைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிரேக் கட்டையைப் பற்றிக் கேட்டால் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் பேசுவார்.

ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் வாங்கிய சின்னக் கறுப்புக் கார் அது. டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் சித்திரை வீதியிலிருந்து புறப்பட்டு, மொட்டைக் கோபுரம் தாண்டி, காவேரிப் பாலத்தின் மேல் ஊர்ந்து, கோர்ட்டுக்கு அவரே ஓட்டிக்கொண்டு போவார். பாலத்தில் மாட்டு வண்டிக்கூட்டம் தென்பட்டதுமே வேகம் கூட்டும் விசையிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாகவே வேகம் குறைந்து, மாட்டுக்குப் பின்னால் சாதுவாகப் போய் நிற்கும். "முன்னாடியே பார்க்கறவனுக்குப் பிரேக் எதுக்குடி?" என்பார். அந்தப் பெருமையைப் பார்க்க எனக்கும் பிடிக்கும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

பெண்ணைக் கல்யாணம் செய்து கொடுத்த பிறகு அகத்தில் நாங்கள் இருவர்தான். அதற்கு அடுத்த வருஷம் புதுக் கட்டை போட்டார்கள். ஐந்தே மாதம். தெருத் திருப்பத்தில் வண்டி கிறீச்சென்று அலறத் தொடங்கியது. நாலு அகத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் வக்கீல் வந்துவிட்டார் என்று தெரிந்துவிடும். பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த பாய்தான் எங்கள் வண்டிக்கு எப்போதும் வேலை பார்ப்பவர். அவர் மறுபடி புதுக் கட்டை மாற்றிக்கொடுத்தார். "இந்தத் தடவை சரக்கு மட்டம்" என்று அகத்துக்காரர் முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு சொன்னார். நான் நம்பிவிட்டேன்.

என் வாயைப் பற்றிச் சித்திரை வீதிக்கே தெரியும். மறுநாள் அவர் கோர்ட்டுக்குப் போனதும் பஸ் ஏறிப் பட்டறைக்குப் போய் நின்றேன்.

"என்ன பாய், மூணு வருஷம் வந்த கட்டை அஞ்சு மாசத்துல தேயறதுன்னா என்ன அர்த்தம்? கேட்க மாட்டார், நல்ல மனுஷர்னு தெரிஞ்சுண்டே மட்டமான சரக்கைத் தலையில கட்டினேளா?"

பட்டறையில் எல்லோரும் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள். பாய் மட்டும் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த சாக்கிலிருந்து வளைந்த இரும்புக் கட்டைகள் இரண்டை எடுத்து வந்தார். இரண்டின் மேலும் பட்டை வைத்து ரிவெட் அடித்திருந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மை இந்தப் பட்டைதான் உரசி வண்டியை நிறுத்துகிறது என்றும், உரச உரச இது தேயும் என்றும் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

"ரெண்டும் ஒரே சரக்குதாம்மா. இது மூணு வருஷம் ஓடினது. எவ்வளவு வழவழன்னு தேஞ்சிருக்கு, தொட்டுப் பாருங்க. இது நேத்து கழட்டினது. தீஞ்சு போய் வெடிச்சிருக்கு பாருங்க. திடீர் திடீர்னு பலமா மிதிச்சாத்தான் இப்படி ஆகும். ஐயா கால் எனக்குத் தெரியும். வண்டியை வேற யாராவது எடுக்கிறாங்களா?"

"வேற யார் இருக்கா? அவர்தான்."

பாய் கட்டைகளைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இடது பக்க மட்கார்டுல இதுவரைக்கும் நாலு தடவை நசுங்கல் எடுத்துட்டேன்மா. ஐயா சொல்லலையா? அந்தப் பக்கம் வர்றது அவருக்குக் கடைசி நிமிஷத்துலதான் தெரியுதுன்னு நினைக்கிறேன். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார்.

நான் சண்டை போட வந்தவள். எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

எனக்கு ஒரு கோபம் மாதக்கணக்காக இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வழக்குக் கட்டு படிக்கும்போது இடது பக்கமாகப் போய் காபி டம்ளரை நீட்டுவேன். திரும்பவே மாட்டார். நான் ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். பெண் போன பிறகு நானும் இந்த அகத்தில் ஒரு மேஜையாகிவிட்டேனோ என்றுகூட நினைத்து அழுதிருக்கிறேன். பொடி எழுத்துப் பத்திரங்களை எல்லாம் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவருக்குக் கண்ணில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று சாயங்காலம் சத்தம் செய்யாமல் இடது பக்கம் போய் நின்று டம்ளரை நீட்டினேன். காபி மணம் வந்திருக்க வேண்டும், தலையைக் கொஞ்சம் தூக்கினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். "வந்துட்டியா" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார். நான் தளிகை உள்ளில் போய், சாத்தமுது கொதிக்கிற சத்தத்தில் அழுது தீர்த்தேன். ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருகிற நோய் ஒன்று இருப்பதையும், அது அவருக்கு இடது கண்ணில் முற்றிவிட்டதையும் பிற்பாடு கண் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வண்டியை விட்டுவிடச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு வயது மனுஷர் குழந்தை மாதிரி ஆசை வைத்திருந்தது அந்த வண்டி ஒன்றின் மேல்தான். அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு அசட்டுக் காரியம் செய்தேன்.

"தெப்பக்குளத்துல சித்திக்கு உடம்பு சரியா இல்லை. பகல்ல துணைக்கு இருக்கேன்னு சொல்லியிருக்கேன். தினம் உங்களோட வரேன்" என்றேன். வழக்கமாகப் பின் சீட்டில் ஏறுகிறவள், முன்கதவைத் திறந்து அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். கோர்ட் வாசலில் இறங்கிப் பஸ்ஸில் அகத்துக்குத் திரும்பிவிட்டு, சாயங்காலம் மறுபடி போய் அவரோடு வருவேன்.

அன்று முதல் வாய் ஓயாமல் பேசினேன். என் பக்கத்தில் வருவதை எல்லாம் பேச்சாக்கினேன். "ஏன்னா, இந்த வாழைத்தார் வண்டி மாட்டைப் பாருங்கோ, எப்படி இளைச்சிருக்கு!" என்றால் அவர் கால் விசையிலிருந்து எழும்பும். "ஐயோ, இந்தச் சைக்கிள்காரன் குடுமி அவிழ்ந்து பறக்கறதே!" என்றால் ஸ்டியரிங் கொஞ்சம் வலது பக்கம் திரும்பும். அம்மா மண்டபத்தில் தீர்த்தமாடிவிட்டு ஈரத் துணியோடு வருகிறவர்களைப் பற்றி எல்லாம் வம்பு பேசினேன். புருஷனுக்குச் சமமாக முன்னால் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டு போகிறாள் என்று தெருவில் என்னைப் பற்றி வம்பு பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். வண்டி அலறுவது நின்றுவிட்டது. ஆறு மாதம் கழித்துப் பாய் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டை கால்வாசிகூடத் தேயவில்லை என்று சொல்லி அனுப்பினார். எனக்கு ஏற்பட்ட கர்வத்தைச் சொல்லி முடியாது.

இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். அத்தனை பேர் நடக்கிற பாலத்தில், என் வாயை நம்பி ஒரு காரை விட என்ன உரிமை எங்களுக்கு? அப்போது அது உறைக்கவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் காலை அகத்தில் சண்டை. புளியோதரையில் உப்பு ஏறிவிட்டது என்றார். பெண் செய்கிற புளியோதரையை இழுத்துப் பேசினார். அவர்மேல் கோபம் வந்தால் மட்டும் நான் பேசமாட்டேன். ஒரு தடவை பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்றும் வண்டியில் ஏறி, மடியைப் பார்த்தபடி உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். ஏதோ நிழல் அசைந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். என் பக்கத்திலிருந்து ஒரு தயிர்க்காரி தலையில் பானையோடு வண்டிக்குக் குறுக்கே இறங்கிக்கொண்டிருந்தாள். அவர் கால் விசையிலேயே இருந்தது.

"ஐயோ! ஏன்னா!" என்று கத்தினேன்.

மிதித்தார். வண்டி ஆடிக் குலுங்கி நின்றது. அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். பானை விழுந்து உடைந்து, தயிர் பாலத்தில் வழிந்தது. அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து நின்று, "பட்டப்பகல்ல ஆள் வர்றது தெரியலையா? கண்ணு தெரியலையா ஐயா உனக்கு?" என்று கத்தினாள்.

வாதாடிப் பிழைக்கிற மனுஷர். கீழே இறங்கி அவள் முன்னால் நின்று, "தெரியலைம்மா" என்றார். "இந்தக் கண்ணு எனக்குத் தெரியலை."

அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். பின்னால் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. அவர் சுற்றிக்கொண்டு என் கதவருகில் வந்தார்.

"என்மேல கோபம்னா அகத்துல பேசாம இரு. வண்டியில பேசாம இருக்காதேடி."

"எனக்குத் தெரியும்னு எப்போலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?" என்றேன்.

"நீ முன் சீட்டுல ஏறின அன்னிக்கே தெரிஞ்சுடுத்து. போன மாசம் சித்தி வேற கோர்ட் வாசல்ல என்னைப் பார்த்து, நீ ஏன் வரதே இல்லைன்னு கேட்டா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ஓட்டாதேங்கணும் நீ. சொல்லாத வரைக்கும் இன்னும் ஒருநாள், இன்னும் ஒருநாள்னு இருந்துட்டேன்." தயிர்க்காரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பானை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "போறும்டி. இத்தனை நாள் ஓட்டினதே போறும்."

சாவியை எடுத்து நீட்டினார். வாங்க எனக்குக் கை எழவில்லை. அவரே என் கையை இழுத்துச் சாவியை உள்ளங்கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.