பின்சீட்டில் என் கணவர்

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு, வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஊர் ஜாசினிலிருந்து மலாக்கா டவுனுக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டியிருந்தது. வேனில் ஏறினால் அவருக்கு வாந்தி நிற்காது. முகத்தில் காற்றுப் பட்டால்தான் தாங்கும் என்பார். அதனால் மோட்டார் சைக்கிளிலேயே போனோம். நான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்காருவார். இருபது வருடம் லோரி ஓட்டியவர். பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தெரிந்த முகங்கள் தீரும்வரை, பக்கத்து ஊர் பெம்பானைத் தாண்டும் மட்டும், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பார்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவர் எழுந்து எழுந்து உட்காருவது எனக்குத் தெரியும். கால் மரத்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் உடை மாற்ற உதவும்போதுதான் பார்த்தேன். உட்காரும் இடத்தில் சதை கரைந்து எலும்பு துருத்தி, தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேன் புடிப்ப."

மறுநாள் ஒரு தலையணையைச் சீட்டில் கட்டினேன். ஆயர் குரோ பக்கம் ஒரு வளைவில் அது நழுவ, அவரும் சேர்ந்து சரிந்தார். ஊசி குத்தும் இடது கையை அழுத்தக் கூடாது என்பதால் ஒற்றைக் கையால்தான் பிடித்துக்கொள்வார். எப்படியோ நிறுத்திவிட்டேன். சாலையோரத்தில் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நின்றார்.

பெம்பானில் லோரி சீட் தைக்கும் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "ஆளக் கூட்டிட்டு வாங்கக்கா. உக்காந்து பாக்காம எப்படி அளக்கிறது?" என்றார்.

"நான் என்ன சாமானா, அளந்து பாக்க?" என்று இவர் மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து, "வா, போயிட்டு வந்துரலாம்" என்றார்.

கடைக்காரர் மிருதுவான ஸ்பாஞ்ச் ஒன்றை அழுத்திக் காட்டினார். இவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"மெத்துன்னு வேணாம் தம்பி. பத்து நிமிஷம்தான் சொகம். அப்புறம் அமுங்கிப் போயி எலும்பு அடிப்பலகையில முட்டும். கீழ கெட்டியானது போடுங்க, மேல மெல்லிசா மெதுவானது. அதோட இந்தச் சீட்டு முன்பக்கமா சரியுது. பிரேக் போடும்போதெல்லாம் நான் இவ மேல விழறேன்."

இத்தனை பேச்சை அவரிடம் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. கடைக்காரர் அவரை உட்கார வைத்து, எலும்பு படும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டார். பின்பாதியை மட்டமாக்கி, இரண்டு விரல் அகலம் கூட்டி, வழுக்காத துணியால் தைத்து மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் டவுன்வரை அவர் ஒருமுறைகூட எழவில்லை. சிகிச்சை மையத்தின் வாசலில் நிறுத்திய பிறகும் இறங்காமல் இருந்தார்.

"என்னங்க, வலிக்குதா?"

"இல்ல. இன்னும் கொஞ்ச தூரம் போலாம் போல இருக்கு."

புண் ஆறியதும் ஒரு ஞாயிறு அப்படியே போனோம், தஞ்சோங் பிடாரா கடற்கரைக்கு. வழியில் புக்கிட் ரம்பாயில், தான் சரக்கு ஏற்றிய தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். எந்த வாசலில் காக்க வைப்பார்கள், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றெல்லாம் சொன்னார்.

"உன்ன ரொம்ப அலைய வெக்கிறேன்" என்றார்.

"சும்மா வாங்க லா" என்றேன். ஓட்டிக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கி, சாலை சரியாகத் தெரியாமல் வேகத்தைக் குறைத்தேன்.

அதன் பிறகு நான்கு மாதம் இருந்தார். ஒரு நாள்கூடச் சிகிச்சையைத் தவறவிடவில்லை. மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் மோட்டாரில் பின்னாலேயே போனேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவருக்கு நினைவில்லை. மத்தியானம் அவர் மூச்சு நின்றுவிட்டது.