சித்திக்காகத் துள்ளிய பந்து

என் சித்திக்கு ஊரில் அமைதியான பெண் என்று நல்ல பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்களாம். கேட்ட கேள்விக்குத் தலையசைப்பாள், சிரிப்பாள், காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உண்மையில் அவளுக்குப் பேச ஆயிரம் விஷயம் இருந்தது. வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே வார்த்தை மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதைத் திக்குவது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அமைதி என்பார்கள். கேட்கக் கௌரவமாக இருக்கும் அல்லவா?

அந்த அமைதியான பெண் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேட இந்த நாட்டில் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டும். கரூரில் ஒரு மாப்பிள்ளை வேறு தயாராக இருந்தார். அமைதியான பெண்தான் வேண்டும் என்று அவர்கள் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்களாம். மெயிலில் சித்தியை எல்லாக் கம்பெனிக்கும் பிடித்தது. போனில் கூப்பிட்டால் கதை கந்தலாகிவிடும். முதல் இன்டர்வியூவில் தன் பெயரையே சொல்ல முடியாமல் போனைத் துண்டித்துவிட்டு, பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. அவளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

எனக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. கோடை விடுமுறை. லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த ஒரு டிவிடியில் நான் பைத்தியமாக இருந்தேன். கலர்கூட வராத காலத்துக் கார்ட்டூன்கள். படம் முழுக்கக் கீறல், மழை பெய்வது போல. பூனைகளும் எலிகளும் ஏதாவது கலாட்டா பண்ணிக்கொண்டிருக்கும். நடுவில் திடீரென்று படம் கரைந்து, நிஜ மனிதர்கள் வந்து நிற்பார்கள். அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாட்டுக் குழுக்கள். வழித்து வாரிய தலையோடு நான்கு அண்ணன் தம்பிகள், இல்லாவிட்டால் தலையோடு தலை சேர்த்து நிற்கும் மூன்று சகோதரிகள். நாலு பேர் பாடினாலும் ஒரே தொண்டையிலிருந்து வருவது போல இருக்கும். அப்புறம் கறுப்புத் திரையில் பாட்டின் வரிகள் வெள்ளையாக வரும். அவற்றின் மேல் ஒரு வெள்ளைப் பந்து ஒவ்வொரு வார்த்தையாகத் துள்ளிக்கொண்டு போகும். பந்தைப் பார்த்துக் கூடவே பாட வேண்டும். தியேட்டரில் சனம் மொத்தமும் பாடுமாம்.

அந்தப் பந்து எனக்கு உயிர். அது கடிகாரம் மாதிரி ஒரே சீராகக் குதிக்காது. நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் காற்றிலேயே கொஞ்சம் தயங்கி நிற்கும். பொடி வார்த்தைகள் மேல் தடதடவென்று ஓடும். வரி முடிந்ததும் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவும். டிவிடியின் கடைசியில் அதன் ரகசியத்தைக் காட்டினார்கள். பந்து வரைந்தது இல்லையாம். ஒரு குச்சியின் நுனியில் பந்தை வைத்து, கறுப்பு உறை போட்ட கையால் ஒரு ஆள் பாட்டுக்கேற்ப ஆட்டுவாராம், அதைப் படம் பிடிப்பார்களாம். பாடகர்களுக்குக் கைதட்டல், பூனைக்குக் கைதட்டல், அந்தக் கைக்கு ஒன்றும் கிடையாது. பெரியவளானதும் அந்த வேலைக்குத்தான் போவேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என் ரிப்போர்ட் கார்டை நினைத்துக்கொண்டோ என்னவோ மறுப்பு சொல்லவில்லை.

ஒரு நாள் நான் பந்தோடு பாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் சித்தி. ஒரு எழுத்துகூட மாட்டவில்லை. பந்து ஓடினால் ஓடினாள், நின்றால் நின்றாள். சமையலறையில் அம்மா குழாயை மூடியது கேட்டது. பாட்டு முடிந்ததும் நான், "சித்தி, உங்களுக்கு ஸ்டக் ஆகவே இல்ல!" என்று கத்தினேன். எனக்கு இங்கிதம் என்பது அப்போது கிடையாது. சித்தியின் முகம் சிவந்தது. கையில் இருந்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு மெதுவாக, "இன்... இன்னொரு தடவை போடு கண்ணு," என்றாள்.

பாடும்போது திக்காது என்பது பலருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குத் தெரியாது. எல்லாம் பந்தின் மகிமை என்று முடிவுகட்டி, அன்றே காரியத்தில் இறங்கினேன். சைனீஸ் ஓட்டலிலிருந்து வந்த குச்சி ஒன்றில் பிங்பாங் பந்தைச் செருகினேன். கையில் அப்பாவின் கறுப்பு ஆபீஸ் சாக்ஸ். இன்டர்வியூவில் வழக்கமாகக் கேட்கும் நாலு கேள்விகளுக்குச் சித்தி சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் பதில் எழுத, அவற்றை கெஸ்ட் ரூம் அலமாரிக் கதவில் ஒட்டினோம். நான் பந்தைத் துள்ளவிட, சித்தி படிப்பாள். ஐந்து நாள் ஒத்திகை நடந்தது. இத்தனை வருஷ அனுபவம், இன்னின்ன மொழிகளில் ப்ரோக்ராம் எழுதுவேன் என்பதெல்லாம் லேசான ராகத்தோடு வெளியே வந்தன.

அப்பா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "இது இன்டர்வியூவா, பஜனையா?" என்றார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்று அம்மா அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. அப்பா ஆபீஸில். வீட்டில் இருந்தால் தனக்குப் படபடப்பு வந்துவிடும் என்று அம்மா பெருமாள் கோவிலுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சித்தி கட்டிலில் உட்கார்ந்தாள். நான் சாக்ஸை மாட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பக்கத்து ஆள். பந்து துள்ளியது. சித்தியின் பெயர் வழுக்கிக்கொண்டு வந்தது. முதல் சார்ட் முடிந்தது, இரண்டாவது, மூன்றாவது, நாலாவதும் முடிந்தது. அந்த ஆள் 'கிரேட், கிரேட்' என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து அவர் கேட்டது எங்கள் சார்ட்டில் இல்லை. ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் கெட்டுப்போயிருந்தால் அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்றார்.

சித்தி அலமாரியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே வார்த்தைகள் தீர்ந்துவிட்டன. போனில், "ஹலோ, லைனில் இருக்கிறீர்களா?" என்று குரல் வந்தது. நான் என்ன செய்வேன்? பந்தைத் துள்ளவிட்டேன். எழுத்தே இல்லாத கதவின் மேல், கைப்பிடி மேல், அங்கிருந்து வெறும் சுவரின் மேல், நாற்காலியிலிருந்து எட்டும் மட்டும் துள்ளவிட்டுக்கொண்டே போனேன். சித்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"ஐ... ஐ ஸ்... ஸ்... ஸ்டாமர்," என்றாள் போனைப் பார்த்து. "ப்ளீஸ் கி... கிவ் மீ டைம்."

அந்தப் பக்கத்திலிருந்து, "ஷ்யூர். டேக் யுவர் டைம்," என்று வந்தது.

சித்தி பேச ஆரம்பித்தாள். எல்லா வார்த்தையும் மாட்டியது. கண்ணை இறுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து வைத்தாள். கேட்கச் சகிக்கவில்லை எனக்கு. நான்தான் கெடுத்துவிட்டேன், அதனால்தான் கோபப்பட்டுக் கையை இறக்கிவிட்டாள் என்று நினைத்தேன். அலமாரிக்குள் புகுந்து, கதவை மூடி, சாக்ஸ் போட்ட கையும் போடாத கையுமாகக் காதைப் பொத்திக்கொண்டேன். வெளியே பேச்சு முடிவேனா என்றது. அரை மணிக்கு மேல் போயிருக்கும்.

அம்மா பிரசாத லட்டோடு உள்ளே நுழைந்தபோது சித்தியின் முதுகெல்லாம் வேர்வை. "எப்படிடி போச்சு?" என்றாள் அம்மா.

"தி... திக்கிச்சுக்கா. முழுக்கத் தி... திக்கித்தான் பேசினேன்."

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா லட்டு டப்பாவைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். போச்சு, வேலை போச்சு என்று நான் புரிந்துகொண்டேன்.

வேலை போகத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது, வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம். பத்து நாள் கழித்து அவள் இன்னொரு இன்டர்வியூவைத் திக்கித் திக்கியே பேசி முடித்து வேலை வாங்கினாள், மாப்பிள்ளை வீட்டாருக்கும் தானே போன் போட்டு, தான் அமைதியான பெண் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நான் பந்தும் குச்சியும் யார் கண்ணிலும் படாமல் சோபாவுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பீட்சா. அதைப் போனில் ஆர்டர் பண்ணுவது என் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்த இங்கிலீஷ் என்பதால் அப்பா எனக்குக் கொடுத்திருந்த பதவி அது. அன்று நான் கை நீட்டும் முன்பே சித்தி, "இ... இங்க குடுங்க மாமா," என்று அப்பாவிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

மஷ்ரூம் என்று சொல்ல மட்டும் ஒரு யுகம் ஆனது. அப்புறம் ஆலிவ், அப்புறம் தெருப் பெயர், வீட்டு நம்பர். எதிர்ப்பக்கம் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அப்பா டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று கைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பீட்சாவுக்கு இவ்வளவா என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

சித்தி போனை வைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பேசியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "தெ... தெரியும் கண்ணு. ஆனா அ... அடுத்த வாரமும் நான்தான் பேசுவேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்டர்வியூவைக் கெடுத்ததற்கு என்னைத் தண்டிக்கத்தான் என் வேலையைப் பிடுங்கிக்கொண்டாள் என்று, அந்தப் பீட்சாவைக் கடைசித் துண்டுவரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.