பதினான்காம் எண்காரனின் கையுறை

என் அம்மா மஞ்சுளா பிப்ரவரி நடுவில் பேஸ்பால் பார்க்கத் தொடங்கி ஏப்ரல் கடைசியில் நிறுத்திவிடுவாள். அமெரிக்காவில் அதற்குப் பிறகுதான் ஆட்டங்கள் சூடு பிடிக்கும். அம்மாவுக்கு அது தேவையில்லை. சீசன் ஆரம்பத்தில் ஆட்டக்காரர்கள் கையுறையைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுவருவார்கள். தோல் வார் எப்படிக் கோத்திருக்கிறது, முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரியும். மே மாதத்துக்குள் வியர்வையும் மண்ணும் ஏறி எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும்.

போன வருடம் ஏப்ரல் முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டாள். ஜூனில் இறந்துபோனாள். நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நிறுத்தினாளா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

யாங்கோனிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் தன்லியின் என்ற ஊரில், ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவள் பதினோரு வருடம் வேலை செய்தாள். காலை ஐந்தரைக்குத் தெருமுனைக்கு ‘ஃபெரி’ வரும். கம்பெனி பஸ்ஸுக்கு யாங்கோனில் அதுதான் பெயர். தொழிற்சாலையில் அவள் டோ மியா. பர்மியர்கள் மஞ்சுளா என்று சொல்லச் சிரமப்பட்டதால் வந்த பெயர். வேலை கடைசி மேசையில். தைத்து வந்த கையுறையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலை வைத்து, வார் கோத்து, முடிச்சுப் போட்டு, நுனியை வெட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு.

அது எந்த விளையாட்டுக்கான கையுறை என்று முதல் வருடம் அங்கே யாருக்கும் தெரியாது. கொரிய மேலாளர் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினியில் ஒரு கல்லூரி ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்துபோனார்கள். அம்மா மணி அடிக்கும்வரை பார்த்தாள். விதிகளை அவளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டாள். நான்கு பந்து விலகிப் போனால் அடிப்பவன் ஏன் முதல் பேஸுக்குச் சும்மா நடந்துபோகிறான் என்று புரிய ஒரு மாதம் ஆயிற்றாம்.

காளி கோயில் திருவிழா வாரங்களில் வேலை முடிந்து வந்து மாலை கட்டுவாள். ஒரு வருடம், ஐந்தாம் நாள், தொழிற்சாலையில் கை தானாகப் பூ முடிச்சைப் போட்டுவிட்டது. இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, இரண்டு நுனியும் கீழ்நோக்கி. தொழிற்சாலை முடிச்சில் நுனிகள் எதிரெதிர்ப் பக்கம் நிற்க வேண்டும். இருபத்து நான்கையும் முடித்த பிறகுதான் கவனித்தாள். தரம் பார்ப்பவர் இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. முத்திரை குத்திவிட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. பெட்டி கப்பல் ஏறியது. எங்கேயோ ஒருவன் பந்தைப் பிடிக்கும்போது அது அவிழ்ந்துவிடுமோ என்று ரொம்ப நாள் பயந்துகொண்டிருந்தாள்.

ஆர்டர் நின்று தொழிற்சாலையை மூடியதும் வீட்டில் போனில் பார்க்க ஆரம்பித்தாள். அங்கே வெள்ளிக்கிழமை மாலை ஆட்டம், இங்கே சனிக்கிழமை விடிகாலை. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரும். நான் லிப்ட் பழுது பார்க்கும் பொறியாளர். விபிஎன் போட்டுக் கொடுத்ததும் மின்சாரம் போகும் நேரத்துக்கு பேட்டரி அமைத்துக் கொடுத்ததும் என் பங்கு. மற்றபடி தூங்கிக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது பிப்ரவரியில் என்னை எழுப்பினாள்.

“புஷ்பா, எந்திரி. இங்க பாரு. ரெண்டு வாலும் கீழ!”

“எந்த வாலும்மா?”

“முடிச்சுடி. என் முடிச்சு.”

மூன்றாவது பேஸில் நிற்கும் ஒல்லிப் பையன், எண் பதினான்கு. பந்துக்குக் காத்திருக்கும்போது கையுறையை முழங்காலில் வைத்துக்கொள்வான். வெளிர் பழுப்பு வார், நுனி இரண்டும் கீழே. அம்மா அவன் பெயரைச் சொன்னதே இல்லை. பதினாலு என்பாள்.

பதினாலுக்காகத்தான் அந்த அணியைப் பார்த்தாள். பிறகு ஒன்பது பேரையும் தெரிந்துகொண்டாள். யாருக்கு இடது முழங்கால் வலி, யார் முதல் பந்தையே அடிக்கப் போவான் என்பதெல்லாம் அத்துப்படி. சொல்லத்தான் ஆள் இல்லை. எங்கள் தெரு முழுவதும் இங்கிலாந்துக் கால்பந்து. கோயிலில் ஒருமுறை அரை மணி நேரம் விளக்கியிருக்கிறாள். கேட்டவர்கள் கடைசியில், “கிரிக்கெட்டுதானே?” என்றார்களாம். விஜயகுமாரி சித்தி ஒருத்திதான் காதுகொடுப்பாள். தொழிற்சாலையில் அடுத்த மேசை, இப்போது அடுத்த தெரு. சனிக்கிழமைகளில் மோஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கி வந்து, எங்கள் பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் கயிற்றை இழுத்து மணி அடிப்பாள். ஆறு மாடி ஏறி வந்த மூச்சோடு கேலி தொடங்கும்.

“என்ன மஞ்சு, மாப்பிள்ளை அடிச்சாரா?”

“மூணு தரம் போனான். மூணும் அவுட்டு.”

“கிளவுஸ் கழண்டுச்சா?”

“வாயக் கழுவுடி.”

போன வருடம் சீசன் தொடங்கும் முன்பே பதினாலு கல்லூரியை விட்டு ஒரு தொழில்முறைச் சிறு அணிக்குப் போயிருந்தான். அங்கேயும் அதே எண். அம்மா பிப்ரவரி, மார்ச்சில் அவன் இல்லாத கல்லூரி அணியைப் பார்த்தாள். ஏப்ரலில் அவனுடைய முதல் தொழில்முறை ஆட்டம். அன்று நானும் கூட உட்கார்ந்தேன். அவன் முழங்காலில் கைவைத்தபோது படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன்.

“அம்மா, வார் கறுப்பு. நீ கோத்தது பழுப்பு.”

“ம்.”

“வார மாத்திட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தரம் மாத்துவாங்களாம், படிச்சேன். இது உன் முடிச்சு இல்ல.”

அம்மா போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். “வெளிச்சம் கண்ணக் கூசுது,” என்று சொல்லிப் படுக்கப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை எழுந்திருக்கவில்லை. கேட்டால், கண் கூசுகிறது என்றாள். அதற்கடுத்த வாரமும் அதேதான். மனம் நொந்துபோய்ச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் சொன்னது சரியான தகவல். சரியான தகவலுக்கு என்ன மன்னிப்பு என்று இருந்துவிட்டேன். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வந்தது, போனது. வேலை அதிகம். மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில் லிப்ட்டுக்குள் தினமும் யாராவது மாட்டிக்கொள்வார்கள்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே படியில் விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. மூன்று நாள் இருந்தாள். பேசவில்லை. எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது.

இந்த பிப்ரவரியில் விடிகாலைக்கு அலாரம் வைத்தேன். கல்லூரி அணியில் பாதிப் பேர் புதியவர்கள். ஏழு வாரம் பார்த்தேன். ஏப்ரலில் பதினாலின் அணிக்கு மாறினேன். முதல் சனிக்கிழமை ஆட்டம் பாதி போனபோது கயிற்று மணி அடித்தது. காரியம் முடிந்த பிறகு சித்தி வருவது அதுதான் முதல் தடவை. முழங்கால் வலி, ஆறு மாடி.

மோஹிங்காப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். “நீயுமா?” என்றாள்.

எனக்கு வேறு ஆள் இல்லை. சொல்லிவிட்டேன். வார் கறுப்பு என்று சொன்னது, உன் முடிச்சு இல்லை என்று சொன்னது, அம்மா போனைக் கவிழ்த்தது, எல்லாவற்றையும்.

சித்தி பையின் ரப்பர் பாண்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். “வார மாத்துவாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு பெட்டியிலயும் மாத்து வார் ரெண்டு வச்சு மூடுனதே நாங்கதானே.”

“அப்புறம்?”

“மாத்துறவன் பழச அவுத்துப் பார்த்து அதே மாதிரிதான் கட்டுவான். கறுப்போ செவப்போ, கட்டு நான் போட்ட கட்டுதான்னு சொன்னா. உன்னைச் சொல்லிச் சிரிச்சா தெரியுமா? இன்ஜினியருக்கு வார் தெரியுது, கட்டு தெரியலன்னா.”

“சிரிச்சாளா?”

“வயித்தப் புடிச்சுக்கிட்டு.”

“அப்ப ஏன் சித்தி நிறுத்துனா?”

சித்தி முதலில் கிண்ணம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

“கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னா. ஒரு பையனுக்கு ரெண்டு கிளவுஸ், எந்தக் கிளவுஸப் பாக்குறதுன்னா. படி ஏறுனா தலை சுத்துதுன்னா. வா, டாக்டர்கிட்டப் போவோம்னு கூப்பிட்டேன். திஞ்சான் முடியட்டும்னா. அப்புறம் புஷ்பாவுக்கு லீவு கிடைக்கட்டும்னா. அவகிட்டச் சொல்லிடாதன்னு கையப் புடிச்சுக்கிட்டா.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே.”

“ஆமா,” என்றாள் சித்தி. “சொல்லியிருக்கணும்.”

லிப்ட் ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் கதவு இரண்டு முறை திறந்து மூடும். தளத்துக்கு ஒரு விரல் கீழே நிற்கும். அதைப் பார்த்ததும் அறிக்கையில் எழுதி, அன்றே நிறுத்திவைப்பது என் வேலை. அம்மா கண் கூசுகிறது என்றாள். மூன்று வாரம் தொடர்ந்து சொன்னாள். படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் கோபம் என்று எழுதிக்கொண்டேன். அவளைக் காயப்படுத்தினேனா என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. காயப்படுத்தவில்லை. அவ்வளவு எளிதாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இதுல யாரு மாப்பிள்ளை?” என்று சித்தி கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

காட்டினேன். பதினாலு குனிந்து கையுறையை முழங்காலில் வைத்தான். நிறுத்திப் பெரிதாக்கினேன். கறுப்பு வார். நுனி இரண்டும் கீழே. போன வருடமும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் நிறத்தோடு நின்றுவிட்டேன்.

சித்தி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். “அவ கட்டுதான்,” என்றாள். மோஹிங்கா ஆறுகிறது, சாப்பிடு என்றாள். சிறிது நேரம் இருந்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். கீழே போய்ச் சேரும்வரை பால்கனியில் நின்றேன்.

திரும்பி வந்தபோது ஏழாவது இன்னிங்ஸ். பதினாலின் அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. பந்து வீசும் பிட்சர் களைத்துவிட்டது எனக்கே தெரிந்தது. மாற்று ஆள் தயாராக நின்றான். ஆனாலும் மாற்றவில்லை. மூன்று ரன் போயிற்று. ஏன் மாற்றவில்லை என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. அம்மாவைத்தான் கேட்டிருக்க வேண்டும்.