சாமி சேவலுக்குப் போடாத ஊசி

அன்று காலை கால்நடை மருந்தகத்தின் வாசலில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண். சாக்குப்பையில் கோழிகளோடு ஒரு பெரியவர். ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர். இல்லாதவர்கள், நானும் எங்கள் வீட்டுக் கோழிகளும். நாங்கள் சாலையின் மறுபக்கத்தோடு திரும்பிவிட்டோம்.

ஊசி போட்டாயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன். போடவில்லை. நான் சொன்னது பொய்.

இதை உங்களிடம் எழுதுவது எளிதாக இருக்கிறது. நீங்கள் என் கொல்லையைப் பார்த்ததில்லை, என் அம்மாவின் முகத்தையும் பார்த்ததில்லை.

கோலார் தங்கவயலில், பாலகாட் பக்கத்து லைன் வீடு ஒன்றில் இருக்கிறோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். பின்னால் எல்லோருடைய கொல்லையும் ஒன்றோடொன்று சேர்ந்தே கிடக்கும். அப்பா பெங்களூரில் காவலாளி, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான், பட்டம் வாங்கியவனும் நான்தான். விடியலில் ரயிலேறி பெங்களூர் அலுவலகத்துக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறேன். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அம்மா அதைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் சொன்னால் அது சரி.

எனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டுமென்று, மூடிய சுரங்க ஷாப்ட் பக்கத்திலிருக்கும் முனீஸ்வரனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். வேலை கிடைத்ததும் செந்நிறச் சேவல் ஒன்றின் மேல் தீர்த்தம் தெளித்து சாமி பேரில் விட்டாள். ஆடியில் கொடுப்பதாகப் பேச்சு. அப்படி விட்ட சேவலைக் கட்டக்கூடாது, கூடையில் அடைக்கக்கூடாது. எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் யாரும் விரட்டக்கூடாது. லைன் முழுவதும் அதற்குத் தீனி வைத்தது. பக்கத்து வீட்டு வள்ளி அக்கா, "எங்கூட்டு மாப்ளை வந்துட்டாரு" என்று தன் கோழிகளின் தண்ணீர்ச் சட்டியையே அதன் முன்னால் நகர்த்தி வைப்பாள்.

மருந்தகத்தில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்ட அந்தச் சனிக்கிழமை, அந்த விதியால்தான் எனக்கு அப்படி அமைந்தது. கோழிகளைக் கூடையில் போட்டு மேலே பழைய புடவையைக் கட்டிய அம்மா, சேவலை மட்டும் என் கையில் கொடுத்தாள். "இத அடைக்கக்கூடாது. கையிலயே பத்தரமா எடுத்துகினு போ."

ஷேர் ஆட்டோவில் காலடியில் கூடையும் மடியில் சேவலுமாக ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் போய் இறங்கினேன். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. விடுமுறை நாளில் எதற்கு அதை மாட்டியிருந்தேன்? பெருமைக்குத்தான், வேறெதற்கு...

மருந்தகத்துக்கு எதிரே பேக்கரி வாசலில் கல்லூரித் தோழன் ஒருவன் நின்றிருந்தான்.

"இன்னா மச்சான், பந்தயத்துக்கா, பிரியாணிக்கா? கழுத்துல டேக்கு, கையில சேவலு. இரு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"என்னோடது இல்லடா. பக்கத்து வீட்டு அக்காவோடது."

அப்படிச் சொன்னது என் வாய்தான். அவன் சிரித்துக்கொண்டே டீயோடு அங்கேயே நின்றான். எதிரே வரிசை. அவன் பார்க்கப் பார்க்க அந்தச் சாக்குப்பைக்காரருக்குப் பின்னால் போய் நிற்க என்னால் முடியவில்லை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் அடியில், ஆளில்லாத பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். ஊசி போட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் போகட்டும் என்று காத்திருந்தேன். சேவல் என் மணிக்கட்டை மெல்லக் கொத்திக்கொண்டிருந்தது.

"போட்டாங்களா?" என்றாள் அம்மா.

"போட்டாங்கம்மா. றெக்கைக்கு அடியில."

"அழுதுச்சா?"

"சாமி சேவலாச்சே, அழுமா?"

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். றெக்கைக்கு அடியில் என்று யாரும் கேட்காமலே ஏன் சொன்னேன்? பொய்க்கு விவரம் சேர்த்தால் நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஆடி வந்தது. அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. படையலைத் தள்ளிப்போட்டார்கள். அடுத்த மாதம் ஒரு காலையில் சேவல் கூவவில்லை. கொண்டை கறுத்து, இறக்கை தரையில் தொங்க, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. ரயிலில் கைபேசியைத் தேய்த்துப் படித்தேன். வெள்ளைக்கழிச்சல். கோழிக்குக் கோழி ஒட்டும் நோய், அந்த ஊசி இதற்குத்தான். முதல் வேலையாக நோய்ப்பட்டதைத் தனியே அடைக்க வேண்டும் என்று இருந்தது.

இரவு வீடு திரும்பியதும் சொன்னேன்: "அம்மா, பொட்டியில வெச்சி மூடிடலாம்."

"சாமிக்கு உட்டத அடைக்கறதா? ஊசிதான் போட்டாச்சே, அப்புறம் இன்னாத்துக்குப் பயப்படற? சளிதான்."

ஊசி போடவில்லையம்மா. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அவள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடைத்திருப்பாள், எனக்குத் தெரியும். சின்ன வெங்காயத்தையும் மிளகையும் இடித்துச் சேவலின் தொண்டையில் தள்ளினாள். நான் டார்ச் பிடித்து நின்றேன்.

சேவல் வழக்கம்போல வள்ளி அக்காவின் கொல்லைக்குப் போய் வழக்கமான சட்டியில் தண்ணீர் குடித்தது.

வள்ளி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் இல்லை. மகள் கவிதா டிப்ளமா படிக்கிறாள், அந்த வீட்டில் அவள்தான் முதல். அவள் பஸ்ஸில் போய் வருவது அக்காவின் கோழிகள் இடும் முட்டைக் காசில்தான். அந்தக் கோழிகள் சுருண்டு விழ ஆரம்பித்தன. எங்கள் கோழிகளும்தான்.

அப்போதுதான் விடுப்புப் போட்டேன். அம்மா தடுக்கத் தடுக்க, "குத்தம் எனக்கே வரட்டும்" என்று சேவலைத் தூக்கிக் குளியலறையில் அடைத்தேன். கீழே சாம்பலும் சாக்கும் விரித்தேன். பல்பு ஒன்றைத் தாழத் தொங்கவிட்டேன். ஊசி கழற்றிய சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீரை அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூக்கில் அடைத்த சளியை ஈரத்துணியால் துடைத்தேன். கழுத்து முறுக்கிக்கொண்டு தலை மேல்நோக்கித் திரும்பிவிட்டது. நிற்க வைத்தால் பின்னால் சாய்ந்தது. என் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி நிறுத்திக்கொண்டேன்.

லைனில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "வாயில்லாத சீவனுக்குப் புள்ள இன்னா பாடுபடுது பாரு" என்றார்கள். நீங்கள் அடி வாங்கியிருக்கலாம், திட்டு வாங்கியிருக்கலாம். இப்படிப் புகழ்ச்சி வாங்கியிருக்கிறீர்களா?

மறுநாள் மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் அம்மையார் கன்னடத்தில் கேட்டார், "வ்யாக்சின் ஹாக்ஸிதீரா?" தடுப்பூசி போட்டீர்களா என்று.

"இல்லா மேடம். ஹாக்ஸில்லா."

உண்மை முதன்முதலாக என் வாயிலிருந்து கன்னடத்தில் வந்தது. தமிழில் வந்திருக்காது. இதற்கு மருந்து இல்லை, சூடாக வைத்துத் தீனி கொடுத்துப் பாருங்கள், நன்றாக இருக்கும் கோழிகளுக்காவது இன்றே போடுங்கள் என்று சொல்லி, மருந்தையும் போடும் விதத்தையும் காட்டி அனுப்பினார். பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்தேன். மருந்தைக் கலந்துவிட்டால் கெடுவதற்குள் போட்டுத் தீர்த்துவிட வேண்டும்.

வீடு வீடாகக் கேட்டேன். யாரும் கோழியைப் பிடித்துக் கொடுக்கவில்லை. வள்ளி அக்கா தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க சேவலுக்கு ஊசி போட்டும் வந்துதானேப்பா தொலைச்சிது? அப்புறம் அத்த போட்டு இன்னா பிரயோசனம்? மீதி கீற ரெண்டையும் ஊசி குத்தி சாவடிக்கணுமா?"

என் பொய் அதற்குள் ஊர்ச் செய்தியாகியிருந்தது. சாமி சேவலுக்கு ஊசி போட்டும் வேலை செய்யவில்லை... லைன் முழுக்க அதைத்தான் நம்பிக் கதவைச் சாத்தியது. கையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அன்று போட்ட மருந்து கெட்டுப்போனது என்று கம்பவுண்டர் தலையில் கட்டிவிடலாமா? அந்த வாக்கியம் நாக்கு வரை வந்தது. வந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

"அக்கா, அன்னைக்கு நான் ஊசி போடல. வெக்கப்பட்டுகினு திரும்பி வந்துட்டேன். அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

அவள் பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாத்துக்கு வெக்கம்?"

"கோழி தூக்கிகினு போறதுக்கு."

"கவிதாவுக்கும் அப்படித்தான் இருக்குமா?"

பிளாஸ்க்கைப் படியில் இறக்கி வைத்தேன்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். இரண்டு கோழிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, ஒன்றின் இறக்கையைத் தூக்கிக் காட்டினாள். நான் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றினேன். "ஒழுங்கா குத்து" என்றாள். பிறகு அவளே லைனில் குரல் கொடுத்தாள்: "ஏய், கோழியப் புடிச்சிகினு வாங்க. நான் போட்டுகினேன்." ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "உங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை."

அன்று ஊசி போட்ட கோழிகளில் ஒன்றும் விழவில்லை. எங்கள் சேவலும் பிழைத்தது. கழுத்து மட்டும் நேராகவில்லை. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கண்ணால் குறிபார்த்து, இரண்டாவது கொத்தில்தான் தானியம் அகப்படுகிறது. கூவுகிறது. கூவும்போது ஒரு பக்கமாகச் சுற்றிவிட்டு நிற்கிறது. பிள்ளைகள் அதைப் பார்க்கவே வருகிறார்கள். ஊனமானதைச் சாமிக்குக் கொடுக்க முடியாது என்பதால் இனி அது சாகும்வரை எங்களோடுதான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் ஐஸ் பிளாஸ்க்கோடு லைனில் இறங்குகிறேன். குஞ்சு பொரித்த வீடுகளில் இருந்து கூப்பிடுகிறார்கள். வள்ளி அக்காவின் கோழி ஒன்று அடைகாத்து எழுந்து, இப்போது பின்னால் ஒரு கூட்டம் குஞ்சுகளோடு திரிகிறது. கவிதா அவற்றைப் பிடித்துத் தருகிறாள். அக்கா என்னோடு பேசுகிறாள். பழையபடியா என்று நீங்கள் கேட்டால், இல்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆடியில் கொடுக்காமல் தள்ளிப்போட்டதால்தான் சாமி கோபித்துக்கொண்டது என்று அவள் நம்புகிறாள். குற்றம் தன்னுடையது என்று நம்புகிறாள். வாயைத் திறக்கிறேன், "இன்னாடா?" என்கிறாள், "ஒண்ணுமில்லம்மா" என்கிறேன். இதை எழுதி முடித்தால் அவளுக்குப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். படிப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

படிக்கும் வரைக்கும் என் பொய்யின் கணக்கு இப்படி நிற்கிறது: வள்ளி அக்காவுக்குச் செத்தது ஐந்து கோழிகள். எங்களுக்கு நான்கு. அம்மாவுக்கு, நேர்ந்த ஒரு சேவலுக்குப் பதிலாகச் சாமிக்கு அபராதமாக நேர்ந்துகொண்ட இரண்டு சேவல்; அதோடு செவ்வாய்க்கிழமை தோறும் அவள் சாப்பிடாமல் விடுகிற சோறு.